கொசுவின் ஏட்டுக்கட்டு: டி.என்.ஏ. குளோன் நூலகம் என்பது என்ன?

எங்கள் எருத்தேன்பதியைப் பற்றி வெளியூர் அன்பர்களிடம் சொன்னால், "கேரளத்தில்தானே இருக்கிறீர்கள், தண்ணீருக்கு என்ன குறை?" என்று கேட்பார்கள். அப்படி இல்லீங்க. பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில், சித்தூர் வட்டத்தின் இந்த எல்லைப் பகுதி மழை மறைவுப் பிரதேசம். குழாயில் தண்ணீர் வருகிற நாளில் டிரம், குடம், சிமெண்டுத் தொட்டி, மாடித் தொட்டி எல்லாவற்றையும் நிரப்பி வைத்தாக வேண்டும். மும்பையிலும் டில்லியிலும் பெங்களூரிலும் சூரத்திலும் குடியிருக்கும் நம் குடும்பங்களுக்கும் இது புதிய கதை அல்ல. இப்படித் தேக்கி வைத்த தண்ணீரை நம்பி நம்மோடு கூடவே குடித்தனம் நடத்துகிற ஜீவன் ஒன்று உண்டு. அது கொசு.

கொசு என்றாலே புகை, மருந்து, வலை என்று பேச்சுப் போகும். அவற்றைப் பற்றி எழுத ஆரோக்கியத் துறையினர் இருக்கிறார்கள். கொசுவின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் எழுதி வைக்கப்பட்டிருக்கும் பரம்பரை ஏட்டை எப்படிப் பிரித்து, பெருக்கி, அடுக்கிப் பாதுகாக்கிறார்கள், அதனால் என்ன விளங்கியது என்பதே இக்கட்டுரையின் பொருள். இந்தச் சேமிப்புக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் 'குளோன் நூலகம்'. நூலகம் என்ற பேர்தான். காகிதம் ஒன்றும் கிடையாது. குளிர்பெட்டியில் அடுக்கிய பிளாஸ்டிக் தட்டுகள், தட்டுகளில் சின்னச் சின்னக் குழிகள், குழிக்குள் உறங்கும் பாக்டீரியாக்கள். அவ்வளவுதான் அதன் உருவம்.

முதலில் ஏட்டின் அளவைப் பார்ப்போம். டி.என்.ஏ. என்பது நான்கே எழுத்துகளால் ஆன நீண்ட வாசகம் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் இன்று அறிவார்கள். மனிதனுடைய வாசகம் சுமார் 300 கோடி எழுத்து. கொசுக்களுக்குள் ஏற்றத்தாழ்வு அதிகம். இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சிக்கு ஏறக்குறைய 23.5 கோடி. ஆப்பிரிக்காவின் அனோபிலிஸ் காம்பியேவுக்கு 27.8 கோடி. யானைக்கால் நோயைக் கொண்டுவரும் சாக்கடைக் கொசுவான கியூலெக்ஸுக்கு 57.9 கோடி. டெங்கு, சிக்குன்குனியா பரப்பும் ஏடிஸ் எஜிப்டிக்கோ 128 கோடி. பார்வைக்கு எல்லாம் ஒரே அளவுப் பூச்சி. உள்ளே இருக்கும் சரக்கில் ஐந்து மடங்கு வித்தியாசம்!

இவ்வளவு நீளமான வாசகத்தை ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை ஒரே மூச்சில் வாசிக்கும் இயந்திரம் இல்லை. 2000ஆம் ஆண்டையொட்டிய காலத்து இயந்திரங்கள் ஒரு தடவைக்கு 500 முதல் 800 எழுத்து வரைதான் படித்தன. ஆகவே வாசகத்தைப் பொடிப்பொடியாக நறுக்கி, கோடிக்கணக்கான துணுக்குகளைப் படித்து, ஒன்றின் வாலும் இன்னொன்றின் தலையும் ஒத்துப்போகிற இடம் பார்த்து ஒட்டுவது வழக்கமாயிற்று. படிப்பது சுலபம். ஒட்டுவதில்தான் தகராறு.

அது என்ன தகராறு என்று விளங்க நம் ஓலைச்சுவடிகளை நினைத்துப் பார்க்கலாம். எங்கள் முன்னோர் வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பம். கடலை, தேங்காய் வியாபாரத்துக்காக இந்தப் பக்கம் வந்தவர்கள். ஆகவே சுவடி என்றால் எனக்குக் கொஞ்சம் பற்று அதிகம். உ.வே. சாமிநாதையர் குடந்தையில் சமண அன்பர்களிடம் விளக்கம் கேட்டு, பல ஊர்ச் சுவடிகளை ஒப்பிட்டு, 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டதை நம் மலர்களில் பலர் எழுதியிருக்கிறார்கள். ஒரு சுவடியில் ஏடு ஒடிந்திருக்கும். இன்னொன்றில் கயிறு அறுந்து, கோத்தவர் ஏடுகளை முன்பின்னாகக் கோத்திருப்பார். மூன்றாவதில் செல்லரித்த இடம், நான்காவதில் நன்றாக இருக்கும். பல பிரதிகளை அருகருகே வைத்துப் பார்த்தால்தான் எது முன், எது பின் என்று தெரியும்.

இப்போது ஒரு பாட்டில் ஒரே பல்லவி நூறு இடத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் இருப்பதோ ஒவ்வொரு வரியாகக் கிழித்த துண்டுகள். பல்லவி எழுதிய நூறு துண்டில் எது எந்தச் சரணத்துக்கு அடுத்தது? எந்தப் புலவராலும் சொல்ல முடியாது. கொசுவின் வாசகம் இப்படிப்பட்ட பல்லவிகள் நிறைந்தது. இடம் விட்டு இடம் தாவித் தன்னையே நகலெடுத்துக்கொள்ளும் டி.என்.ஏ. துண்டுகள் உண்டு. ஏடிஸின் வாசகத்தை 2007இல் முதன்முதலாக வெளியிட்டபோது, அதில் ஏறக்குறைய பாதி இப்படிப்பட்ட தாவும் துண்டுகளே என்று கண்டார்கள். பாதிப் புத்தகம் பல்லவி! துணுக்குகளை மட்டும் வைத்துக்கொண்டு இதை வரிசைப்படுத்தப் போனால் கதை நடக்காது.

அதற்கு வழி, பெரிய பெரிய துண்டுகளாகவும் ஒரு பிரதி எடுத்து வைப்பது. லட்சம், இரண்டு லட்சம் எழுத்து நீளத்துக்கு உடையாத துண்டுகள். அப்படி ஒரு துண்டுக்குள் பல்லவி பத்துத் தடவை வந்தாலும், முன்னும் பின்னும் உள்ள சரணங்கள் அதே துண்டுக்குள் இருக்கும். ஒற்றை ஏட்டுக்குப் பதில் கயிறு அறாத ஒரு கட்டு கையில் கிடைத்த மாதிரி.

கட்டு கட்டுகிற விதம்

இந்தப் பெரிய துண்டுகளைத் தாங்குவதற்கு ஒரு வாகனம் வேண்டும். 1992இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் ஹிரோவாகி ஷிசூயா, மெல்வின் சைமன் முதலியோர் அதை உண்டாக்கினார்கள். நம் குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியாவின் சில வகைகளில், அதன் சொந்தக் குரோமோசோமைத் தவிர வட்டமான இன்னொரு டி.என்.ஏ. வளையம் உண்டு. அந்த வளையத்துக்கு ஒரு நல்ல குணம்: செல்லுக்கு ஒன்று அல்லது இரண்டு என்ற அளவோடு நிற்கும், கண்டபடி பெருகாது. பெருகும் வளையங்களில் பெரிய துண்டை வைத்தால் நகல்கள் ஒன்றோடொன்று கலந்து, துண்டு சிதைந்து போகும். அளவோடு நிற்கும் வளையத்தில் 3 லட்சம் எழுத்து வரைகூடப் பத்திரமாக இருந்தது. அதற்குப் பாக்டீரியச் செயற்கைக் குரோமோசோம் என்று பெயர். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'பேக்' என்பார்கள். நாமும் அப்படியே சொல்வோம். மனித ஜீனோம் திட்டத்தின் பெரும்பகுதி இந்த பேக் துண்டுகளின் மேல்தான் நடந்தது.

கொசுவிலிருந்து இதைச் செய்வது எப்படி? ஒரு கொசுவில் கிடைக்கும் டி.என்.ஏ. மிகக் கொஞ்சம் என்பதால் ஒரே வளர்ப்பு வரிசையைச் சேர்ந்த நூற்றுக்கணக்கான கொசுக்களோ புழுக்களோ வேண்டும். அவற்றை நசுக்கி டி.என்.ஏ.வைத் தண்ணீரில் கரைத்தால் காரியம் கெட்டது. நீளமான இழை குழாயில் உறிஞ்சும்போதே அறுந்துவிடும். ஆகவே செல்களைப் பிரித்து, கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகரோஸ் கூழில் கலந்து சின்ன வில்லைகளாக உறைய வைக்கிறார்கள். வில்லைக்குள் இருக்கும்போதே நொதிகளை ஊறவிட்டு, செல்லின் சவ்வையும் புரதத்தையும் கரைத்து வெளியேற்றுகிறார்கள். டி.என்.ஏ. இழை மட்டும் கூழுக்குள் அறுபடாமல் தங்கும். கடலைப் பருப்பை உடையாமல் எடுக்கத் தோலோடு ஊறவைப்பது போல என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது வெட்டு. குறிப்பிட்ட எழுத்து வரிசை கண்ட இடத்தில் மட்டும் வெட்டும் நொதிகள் உண்டு. ஹிண்ட்-3 என்ற நொதி ஆறெழுத்து வரிசை ஒன்றைத் தேடி வெட்டும். நான்கு எழுத்துகளில் ஒரு குறிப்பிட்ட ஆறெழுத்து வரிசை சராசரியாக 4,096 எழுத்துக்கு ஒரு தடவை வரும். நொதியை அதன் போக்கில் விட்டால் எல்லாம் நாலாயிரம் எழுத்துத் துணுக்காகிச் சட்னியாகிவிடும். எனவே நொதியைக் குறைத்து, நேரத்தைச் சுருக்கி, அங்கொன்றும் இங்கொன்றுமாக வெட்டவிட்டு நிறுத்துகிறார்கள். இந்தப் பதம்தான் வேலையின் உயிர். பாகு காய்ச்சுகிறவர்களுக்குப் பதத்தின் அருமை தெரியும். அரை நிமிஷம் தப்பினால் வேறு பண்டம்.

வெட்டிய வில்லையை மின்புலத்தில் வைத்துத் துண்டுகளை நீளவாரியாகப் பிரிப்பார்கள். சாதாரண மின்புலத்தில் நீளமான துண்டுகள் எல்லாம் ஒரே வேகத்தில் ஓடிவிடும். மின்சாரத்தின் திசையை விட்டுவிட்டு மாற்றினால் பெரியது திரும்பத் தாமதமாகும், சின்னது சட்டென்று திரும்பும். சல்லடை போலப் பிரியும். லட்சம் முதல் இரண்டு லட்சம் வரை உள்ள பட்டையை மட்டும் அறுத்தெடுத்து, பேக் வளையங்களோடு சேர்த்து ஒட்டி, ஒரு கண மின்னதிர்ச்சி கொடுத்து ஈ. கோலைக்குள் புகுத்துகிறார்கள். ஒரு செல்லுக்குள் ஒரு வளையம்.

எந்தச் செல்லில் சரக்கு ஏறியது என்று தெரிய வேண்டுமே? வளையத்தில் குளோராம்ஃபெனிகால் மருந்தைத் தாங்கும் மரபணு ஒன்று இருக்கிறது. மருந்து கலந்த தட்டில் வளையம் பெற்ற செல் மட்டும் பிழைக்கும். வளையம் காலியாக இருந்தால் கூட்டம் நீல நிறம்; உள்ளே கொசுவின் துண்டு ஏறியிருந்தால் வெள்ளை. இயந்திரக் கை வெள்ளைக் கூட்டங்களை மட்டும் ஒவ்வொன்றாகத் தொட்டு 384 குழித் தட்டுகளில் வைக்கும். 16 வரிசை, 24 பத்தி. கொஞ்சம் கிளிசரால் சேர்த்து மைனஸ் 80 டிகிரியில் உறைய வைத்தால் பல ஆண்டுக்கு இருக்கும். ஒவ்வொன்றுக்கும் விலாசம் உண்டு: இத்தனையாவது தட்டு, இந்த வரிசை, இந்தக் குழி. வேண்டும்போது அந்தக் குழியில் ஊசி தொட்டு வளர்த்தால், கொசுவின் அதே துண்டு மறுநாள் தேவையான அளவு கிடைக்கும். ஒரு செல்லிலிருந்து உண்டான ஒரே மாதிரிக் கூட்டம் என்பதால்தான் 'குளோன்' என்று பெயர்.

எத்தனை குளோன் இருந்தால் போதும்? வியாபாரிக்கு இந்தக் கேள்வி கேட்காமல் இருக்க முடியாது. ஸ்டீபன்சியின் 23.5 கோடியை, சராசரித் துண்டு 1.2 லட்சம் என்று வைத்து வகுத்தால் 1,958 வருகிறது. அப்போ இரண்டாயிரம் குளோன் இருந்தால் முழுப் புத்தகமும் வந்துவிடும் என்று தோன்றும். வராது. துண்டுகள் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தவை. சில பகுதி மூன்று தடவை வரும், சில பகுதி ஒரு தடவைகூட வராது. நிகழ்தகவுக் கணக்குப்படி, ஒரு மடங்கு எடுத்தால் நூற்றுக்கு 63 பங்குதான் அகப்படும். மூன்று மடங்குக்கு 95. நூற்றுக்கு 99 வேண்டுமென்றால் 4.6 மடங்கு, அதாவது ஏறக்குறைய 9,000 குளோன், 24 தட்டு. ஏடிஸுக்கு அதே கணக்குப் போட்டால் 49,000 குளோன், 128 தட்டு. குடோனில் மூட்டைக்கு மூட்டை குத்தூசி போட்டு மாதிரி எடுக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கின் நியாயம் விளங்கும். ஆனாலும் ஒன்று: கணக்குத் தாளில் சரியாக வருவதால் சரக்கும் சரியாக இருக்கும் என்று அர்த்தமில்லை. வெட்டும் இடமே இல்லாத பகுதிகளும், ஒரே பல்லவி லட்சக்கணக்கான எழுத்துக்கு நீளும் குரோமோசோமின் நடுப்பகுதியும், ஆண் கொசுவின் ஒய் குரோமோசோமும் நூலகத்தில் சரியாக ஏறுவதில்லை.

ஒளிரும் அடையாளம்

நூலகம் சேர்ந்த பிறகு இரண்டு விதமாக அதைப் பயன்படுத்துகிறார்கள். முதலாவது, ஒவ்வொரு குளோனின் இரண்டு முனையையும் மட்டும் படிப்பது. ஒவ்வொரு சுவடிக்கட்டின் முதல் வரியையும் கடைசி வரியையும் மட்டும் பேரேட்டில் குறித்து வைப்பதற்கு ஒப்பு. துணுக்குகளை ஒட்டிச் சேர்த்த பகுதி ஒன்றில் முதல் வரியும், வேறொரு பகுதியில் கடைசி வரியும் அகப்பட்டால், அந்த இரண்டு பகுதியும் அடுத்தடுத்தவை, இடையே இத்தனை எழுத்து தூரம் என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது இன்னும் அழகானது. பாதி இரத்தம் செரித்த பெண் அனோபிலிஸின் சினைப்பையில், முட்டைக்கு ஊட்டம் கொடுக்கும் சில செல்கள் உண்டு. அவற்றில் குரோமோசோம் பலமுறை நகலாகியும் பிரியாமல் பக்கம் பக்கமாக ஒட்டிக்கொண்டு, திரித்த கயிறு மாதிரித் தடித்திருக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் கறுப்பும் வெளுப்புமாகப் பட்டைகள். ஒவ்வொரு பட்டைக்கும் எண் கொடுத்து வரைபடம் இருக்கிறது. ஒரு பேக் குளோனை எடுத்து ஒளிரும் சாயம் ஏற்றி இந்தக் குரோமோசோம் மேல் விட்டால், தன்னோடு பொருந்தும் இடத்தில் போய் ஒட்டிக்கொண்டு அங்கே மட்டும் மினுங்கும். 'இந்த வாசகம் இரண்டாவது குரோமோசோமின் வலது கையில், இந்தப் பட்டையில் இருக்கிறது' என்று கண்ணாலேயே கண்டுவிடலாம். ஏடிஸுக்கு இப்படி நல்ல தடித்த குரோமோசோம்கள் கிடைப்பது அரிது. அதனால் புழுவின் வளரும் திசுக்களிலிருந்து சாதாரணக் குரோமோசோம்களை எடுத்து வேலை செய்தார்கள்.

நூலகம் இல்லாமல் வாசகம் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குக் காம்பியேயின் வரலாறு நல்ல சான்று. 2002 அக்டோபரில் அதன் ஜீனோம் வெளிவந்தது. கொசு இனங்களில் அதுவே முதல். 'கொசுவின் ஜீனோம் படிக்கப்பட்டுவிட்டது' என்று பத்திரிகைகள் எழுதின. எழுதியவர்களின் அறிக்கையிலேயே கணக்கு நேர்மையாக இருந்தது: 27.8 கோடி எழுத்து, அதில் 91 சதவிகிதம் 303 பெரிய பகுதிகளாக ஒழுங்கானது, மீதி சில்லறை. படிக்க எடுத்துக்கொண்ட வளர்ப்பு வரிசையில் ஒரே இடத்துக்கு இரண்டு பாடபேதம் இருந்ததால், சில பகுதிகள் இரண்டு தடவை பதிவாகியிருந்தன. செலவு சீட்டை இரண்டு பக்கத்தில் எழுதிவிட்டால் எந்தக் கணக்குப்பிள்ளைக்கும் டேலி ஆகாது அல்லவா?

2007இல் மறு தணிக்கை நடந்தது. குளிர்பெட்டியில் இருந்த குளோன்களை மறுபடி எடுத்துக் குரோமோசோம் மேல் விட்டுப் பார்த்தார்கள். இடம் தெரியாமல் கிடந்த ஐந்து பகுதிகள், 13 லட்சத்துக்கு மேற்பட்ட எழுத்து, பேக் குளோன்களின் உதவியால் உரிய இடைவெளிகளில் போய்ச் சேர்ந்தன. பகுதிகளுக்கு இடையிலான 22 இடைவெளிகளை ஒரே குளோன் பாலம் போலக் கடந்து நிற்பதும் முனை வாசிப்பிலிருந்து தெரிந்தது. கொசுவின் வாசகம் என்று நினைத்திருந்த 679 சிறு பகுதிகள், சுமார் 20 லட்சம் எழுத்து, கொசுவோடு வந்த பாக்டீரியாவின் எழுத்தாக இருக்கக்கூடும் என்றும் கண்டார்கள். ஐந்து வருஷத்துக்குப் பிறகும் மூலச் சரக்கைத் திறந்து பார்த்துக் கணக்கை நேர்செய்ய முடிந்ததே, அதுதான் நூலகத்தின் பெருமை. ஆடிப்பெருக்கில் சுவடியை ஆற்றில் விட்டவர்களின் சந்ததிக்கு இதன் அருமையை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

நம் வீட்டுக் கொசு

இனி நம் ஊர்க் கொசுவுக்கு வருவோம். ஸ்டீபன்சிக்கு 1901இல் பெயர் வைத்தவர் லிஸ்டன். கிணறு, மாடித் தொட்டி, கட்டட வேலை நடக்கும் இடத்தில் தேங்கிய தண்ணீர் என்று நகர வாழ்க்கைக்குப் பழகிய அனோபிலிஸ் இது. தமிழ்நாட்டு மலேரியாவில் பெரும்பங்கு பல்லாண்டுகள் சென்னையிலிருந்தே வந்ததற்குக் காரணமும் இதுவே. 1937இல் ஸ்வீட், ராவ் என்ற இருவர் இதற்குள் வகைகள் உண்டு என்று எழுதினார்கள். மைசூரின் பெயரால் ஒரு வகைக்கு 'மைசோரென்சிஸ்' என்று பெயர். நகரத்து மலேரியாவை அதிகம் பரப்புவது மூல வகை. மைசூர் வகை பெரும்பாலும் நாட்டுப்புறத்தில் கால்நடையை நம்பி வாழ்வது. இந்தியாவில் நோய் பரப்புவதில் அதன் பங்கு குறைவு.

இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? முட்டையின் பக்கவாட்டில் மிதவை போன்ற பை இருக்கும். அதில் உள்ள வரம்புகளை எண்ண வேண்டும். 1987இல் சரளா சுப்பாராவ் குழுவினர் தெளிவுபடுத்திய கணக்கு: மூல வகைக்கு 14 முதல் 22, இடைப்பட்ட வகைக்கு 12 முதல் 17, மைசூர் வகைக்கு 9 முதல் 15. இதைப் படித்ததும் எனக்குத் தோன்றிய கேள்வி உங்களுக்கும் தோன்றும். முட்டையில் 14 வரம்பு இருந்தால் அது எந்த வகை? மூன்றிலும் 14 உண்டே! எடைக்கல் மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றால் தராசு என்ன செய்யும்? பல முட்டைகளைப் பார்த்துச் சராசரி எடுக்கலாம், உண்மைதான். தொட்டியில் பிடித்த ஒற்றை ஆண் கொசுவை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

பதில் குரோமோசோமில் இருக்கிறது என்ற ஐயம் நெடுநாளாகவே உண்டு. இதன் இரண்டாவது குரோமோசோமின் வலது கையில் ஒரு நீண்ட பகுதி, சில கொசுக்களில் நேராகவும் சிலவற்றில் தலைகீழாகவும் இருக்கிறது. கயிறு அறுந்த கட்டில் நடுவில் உள்ள நூறு ஏடுகளை மட்டும் புரட்டிக் கோத்தது போல. எழுத்து ஒன்றும் தொலையவில்லை, வரிசைதான் திரும்பியது. இதற்கு '2ஆர்-பி' திருப்பம் என்று பெயர். சூழ்நிலைக்கேற்பக் கொசு தன்னைப் பழக்கிக்கொள்வதோடு இதற்குத் தொடர்பு உண்டு என்று கருதுகிறார்கள். ஆனால் துணுக்கு துணுக்காக ஒட்டிய வாசகத்தில் இப்படி ஒரு திருப்பம் கண்ணில் படாது. வரிசை தெரிந்தால்தானே வரிசை மாறியது தெரியும்.

2014இல் அமெரிக்காவின் வெர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட குழு ஸ்டீபன்சியின் இந்திய வரிசையைப் படித்து வெளியிட்டது. மூன்று விதமான இயந்திரங்களில் படித்தார்கள். கிடைத்தது 22.1 கோடி எழுத்து. குரோமோசோமில் ஒளிரும் முறையால் இடம் குறித்ததில் 62 சதவிகிதத்துக்கு இடம் தெரிந்தது. மீதி 38 சதவிகிதம் வாசகம் இருக்கிறது, விலாசம் இல்லை. 2021இல் நீண்ட இழைகளை ஒரே மூச்சில் படிக்கும் புதிய இயந்திரங்களால் ஏறக்குறைய முழு வரிசையும் கிடைத்தது. அதுவரை மறைந்திருந்த 29 மரபணுக்கள், பூச்சிமருந்தைத் தாங்கும் குடும்பத்தைச் சேர்ந்தவை, வெளிப்பட்டன. மருந்து அடித்தும் சாகாத கொசுவைப் பற்றி நாம் முணுமுணுக்கிறோமே, அதன் கணக்கில் 29 வரிகள் விட்டுப்போயிருந்தன என்று பொருள்.

பிறகு 2022இல் பெங்களூரின் ஐ.பி.ஏ.பி. நிறுவனமும் டாடா மரபியல்–சமூக நிறுவனமும் சேர்ந்த குழு ஒரு வேலை செய்தது. 2016இல் சென்னையில் ஒரு கட்டட வேலை நடக்கும் இடத்தில் பிடித்த கொசுவின் வரிசையை முழுதாகப் படித்தார்கள். அதில் அந்தப் பகுதி இரண்டு பிரதியிலும் நேராக இருந்தது. முன்பு படித்த ஒரு வரிசையில் இரண்டும் தலைகீழ், இன்னொன்றில் ஒன்று நேர், ஒன்று தலைகீழ். மூன்றையும் அடுத்தடுத்து வைத்ததும், 1.65 கோடி எழுத்து நீளமுள்ள அந்தத் திருப்பம் எந்த எழுத்தில் தொடங்கி எந்த எழுத்தில் முடிகிறது என்பது துல்லியமாகத் தெரிந்தது. நேரையும் தலைகீழையும் காட்டிக்கொடுக்கும் 22,650 ஓரெழுத்து வேறுபாடுகள் கிடைத்தன. பல இடங்களைச் சேர்ந்த 82 கொசுக்களைச் சோதித்ததில் மூன்றில் ஒரு பங்கு இரண்டு வடிவையும் கலந்து வைத்திருந்தன. வேறு வேறு ஊர்க் கொசுக்கள் மரபு முறையில் சென்னைக் கொசுவோடு கூடி நிற்பதையும் கண்டு, நகரங்களுக்கு இடையிலான பயணமும் வியாபாரமும் இதற்குக் காரணமாகலாம் என்று அவர்கள் எழுதியிருக்கிறார்கள். நமக்கு இது சுடுகிற வாக்கியம். ஊர் விட்டு ஊர் போய்ப் பிழைக்கிறவர்கள் நாம். நம் லாரியிலும் பெட்டியிலும் யார் கூட வந்தார்கள் என்று பார்த்ததில்லை.

வெளியே நடப்பதைப் பார்த்தால் இது விளையாட்டு இல்லை என்று தெரியும். 2012இல் ஆப்பிரிக்கக் கொம்பில் உள்ள துறைமுக நாடான ஜிபூட்டியில் ஸ்டீபன்சி தென்பட்டது. அந்த ஆண்டு அங்கே மலேரியா 27 பேருக்கு. 2020இல் 73,535 பேருக்கு. கொசு ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது, ஆனால் பெரிய காரணங்களில் அது ஒன்று என்பதில் பலருக்கும் உடன்பாடு. பின்னர் எத்தியோப்பியா, சூடான், சோமாலியா, நைஜீரியா என்று பரவியது. இலங்கை 2016 செப்டம்பரில் மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது. மறு ஆண்டே மன்னாரில் ஸ்டீபன்சி இருப்பதாக அறிக்கை வந்தது. அடுத்து யாழ்ப்பாணத்திலும் கண்டார்கள். யாழ்ப்பாணம் முழுக்கக் கிணற்றை நம்பி வாழும் பூமி. இலங்கையில் இப்போது நோய் இல்லை. நோயைச் சுமக்கும் வண்டி வந்து நிற்கிறது.

சரி, ஏடு கிடைத்து வரிசை தெரிந்தால் என்ன செய்யலாம்? 2015இல் கலிஃபோர்னியாவில் அந்தோணி ஜேம்ஸ், ஈதன் பியர் குழுவினர் ஸ்டீபன்சியின் ஒரு குறிப்பிட்ட மரபணு இருக்கும் இடத்தில், மலேரியாக் கிருமியை எதிர்க்கும் இரண்டு மரபணுக்களைச் செருகினார்கள். கூடவே அவை சந்ததியில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் போய்ச் சேரும்படி ஓர் ஏற்பாடும் செய்தார்கள். கொசு சாகாது. முட்டையிடும், பறக்கும், கடிக்கவும் கடிக்கும். கிருமியை மட்டும் சுமக்க விடாமல் தடுப்பதே நோக்கம். எங்கள் வீட்டில் கொசுவை அடிக்கிற வழக்கம் இல்லை, வலைதான். ஆகவே இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட ஆர்வத்தை அன்பர்கள் புரிந்துகொள்வார்கள். ஆனால் அது ஆய்வுக்கூடத்துக்குள் நடந்த சோதனை. வெளியே விட்டால் திரும்ப அழைக்க முடியாத சரக்கு. எந்த வகைக் கொசுவில், திருப்பத்தின் எந்தப் பக்கத்தில், அண்டை மரபணு எதற்கு அருகில் செருகுகிறோம் என்று எழுத்து எழுத்தாகத் தெரியாமல் அதைச் செய்யத் துணிவது சரியில்லை என்பது என் எண்ணம். ஊர்ச் சபையின் சம்மதம் வேறு விஷயம்; அதுவும் வேண்டும்.

இன்று புதிதாகக் கொசுவுக்கு பேக் நூலகம் கட்டுகிறவர்கள் குறைவு. லட்சம் எழுத்துக்கு மேல் ஒரே ஓட்டத்தில் படிக்கும் இயந்திரங்கள் வந்துவிட்டன. குரோமோசோமுக்குள் எந்தப் பகுதி எதை ஒட்டி நிற்கிறது என்று காட்டும் முறைகளும் வந்துவிட்டன. 2018இல் ஏடிஸின் மூன்று குரோமோசோம்களும் முனை முதல் முனை வரை ஒழுங்கானது அந்த முறைகளால்தான். ஆனால் புதிய இயந்திரம் கொடுத்த வரிசை சரிதானா என்று சந்தேகம் வந்தால், பழைய குளோனில் ஒன்றை எடுத்துச் சாயம் ஏற்றிக் குரோமோசோம் மேல் விட்டுப் பார்க்கலாம். மினுங்க வேண்டிய பட்டையில் மினுங்கினால் சரி. வேறு பட்டையில் மினுங்கினால் இயந்திரத்தின் கணக்கைத் திரும்பப் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் ஆய்வகங்கள் தட்டுகளைப் பிரதி எடுத்து, ஒரு பிரதி இங்கே, மற்றொன்று வேறு ஊரில் என்று வைப்பது. ஓரிடத்தில் குளிர்பெட்டி கெட்டாலும் இன்னோரிடத்தில் அதே விலாசத்தில் அதே குழி இருக்கும்.